கப்பல் பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது: ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட முன்னோரைத் தேடுவது எப்படி?

என் மருமகள் மெல்போர்னில் பிறந்து வளர்ந்தவள். ஆறு தலைமுறையாக அந்த நாட்டுக்காரர்கள். கல்யாணமான புதிதில் அவளுடைய பாட்டி என்னிடம், "எங்கள் குடும்பத்தில் முதலில் இங்கே வந்தவர் கப்பல் மாலுமி" என்று பெருமையாகச் சொன்னார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பொழுது போகட்டுமே என்று அந்த மாலுமியைத் தேட ஆரம்பித்தேன். கப்பலில் வந்தது உண்மைதான். கைதியாக வந்திருக்கிறார்.

நம் பக்கம் பழைய ஆட்கள் தீவாந்தர சிட்சை என்பார்களே, அதுதான் இது. 1788 முதல் 1868 வரை எண்பது ஆண்டுகளில் பிரிட்டனும் அயர்லாந்துமாகச் சேர்ந்து சுமார் 1,62,000 பேரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பின. அதில் சுமார் 25,000 பேர் பெண்கள். ஆஸ்திரேலியாவில் சம்பந்தம் செய்திருப்பவர்கள், பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைக்காகத் தேடுபவர்கள், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டு மாட்டிக்கொண்டவர்கள் என்று யாருக்காவது இது உதவும் என்றுதான் எழுதுகிறேன். நான் சரித்திரம் படித்தவன் இல்லை. தப்புத் தப்பாகத் தேடி, திரும்பி வந்து கற்றுக்கொண்டதுதான்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு கூலி விவசாயி ஊரிலேயே ஒழுங்காக இருந்து செத்துப்போயிருந்தால் அவரைப் பற்றி மிஞ்சுவது மூன்று வரிதான்: ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம். அதே ஆள் திருடி மாட்டிக்கொண்டு நாடு கடத்தப்பட்டிருந்தால், அவர் உயரம் கால் அங்குலம் வரை, புருவத்தின் நிறம், மூக்கின் வடிவம், இடது கையில் என்ன பச்சை குத்தியிருந்தது என்பது வரை இன்றைக்கும் இருக்கிறது. தப்பி ஓடினால் பிடிக்க வேண்டுமே, அதற்காக எழுதி வைத்தார்கள். அதனால் "எங்கள் வீட்டில் ஒரு கைதி" என்று தெரிந்தால் வருத்தப்பட வேண்டாம், தேடுகிறவருக்கு அது லாட்டரி. இந்த ஆவணங்களை யுனெஸ்கோவே 2007இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது.

இன்றிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

எடுத்த எடுப்பில் கைதிகள் பட்டியலில் பெயரைத் தட்டிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற காரியம். நானும் செய்தேன். ஜான் ஸ்மித், வில்லியம் ஜோன்ஸ், மேரி பிரவுன் என்று பெயர்கள் வரிசை கட்டி நிற்கும், அதில் நமக்குப் பிடித்த கதை உள்ள ஆளை நம் தாத்தாவாக்கிக்கொள்வோம். வேண்டாம். இன்றைக்கு உயிரோடு இருக்கும் பெரியவரிடம் ஆரம்பித்து, ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவு பார்த்து, ஒரு படி விடாமல் கீழே இறங்குங்கள்.

அரசாங்கப் பதிவு எல்லா மாநிலத்திலும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கவில்லை. டாஸ்மேனியாவில் 1838, மேற்கு ஆஸ்திரேலியாவில் 1841, தெற்கு ஆஸ்திரேலியாவில் 1842, விக்டோரியாவில் 1853, நியூ சவுத் வேல்ஸில் 1856. அதற்கு முன்னால் போக வேண்டுமானால் தேவாலயப் பதிவேடுகள்தான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி அலுவலகம். காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கும்போது, முடிந்தால் இறப்புச் சான்றிதழை முதலில் வாங்குங்கள். குறிப்பாக விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் சான்றிதழ்கள் பொக்கிஷம்: அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், பிறந்த ஊர், எங்கே எந்த வயதில் கல்யாணம், பிள்ளைகளின் பெயரும் வயதும், எல்லாவற்றுக்கும் மேலாக "காலனிகளில் எத்தனை வருடம் இருந்தார்" என்று ஒரு கட்டம். டாஸ்மேனியாவின் பழைய சான்றிதழில் இதெல்லாம் கிடையாது, அம்மா அப்பா பெயர்கூட இருக்காது.

எங்கள் ஆள் 1876இல் விக்டோரியாவில் இறந்திருக்கிறார். பாட்டியின் கொள்ளுத் தாத்தா. அந்தக் கட்டத்தில் "டாஸ்மேனியா 10 ஆண்டு, விக்டோரியா 24 ஆண்டு" என்று இருந்தது. கழித்துப் பாருங்கள்: 1852இல் விக்டோரியா, 1842இல் டாஸ்மேனியா. அந்த இரண்டு எண்தான் பிற்பாடு என்னைக் காப்பாற்றியது. ஆனால் சொன்னவர் யார் என்றும் பாருங்கள், சான்றிதழில் அதுவும் இருக்கும். மகன் சொன்னதா, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதா என்பதைப் பொறுத்துத்தான் நம்ப வேண்டும், செத்தவர் வந்து திருத்தப் போவதில்லை.

கைதி என்பதைக் குடும்பம் மறைத்திருக்கிறதா என்று மோப்பம் பிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. மாலுமி, சிப்பாய் என்று ஒரு கதை இருக்கும், ஆனால் காசு கொடுத்து வந்த பயணிகள் பட்டியல் எதிலும் பெயர் இருக்காது. பிறந்த ஊர் ஒவ்வொரு காகிதத்திலும் வேறு வேறாக இருக்கும். 1851இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்தவுடன் டாஸ்மேனியாவிலிருந்து பாஸ் நீரிணையைத் தாண்டி வந்திருப்பார். அப்படி வந்து குவிந்த முன்னாள் கைதிகளைத் தடுக்க 1852இல் விக்டோரியாவில் சட்டமே போட்டார்கள், அதனால் வந்தவர்கள் பழசை மறைக்கக் காரணம் இருந்தது. 1856இல் வான் டீமன்ஸ் லாண்டு என்ற பெயரையே டாஸ்மேனியா என்று மாற்றினார்கள். தீவே பெயரை மாற்றிக்கொண்டது, மனிதன் கதையை மாற்றிக்கொண்டதில் என்ன ஆச்சரியம்?

எந்தக் காலனி?

இதில் வருடம்தான் வழி காட்டும். நியூ சவுத் வேல்ஸுக்கு 1788 முதல் 1840 வரை (அதற்குப் பின் ஒரு சில கப்பல்கள் மட்டும்). வான் டீமன்ஸ் லாண்டுக்கு 1803 முதல் 1853 வரை. மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு 1850 முதல் 1868 வரை சுமார் 9,700 பேர், எல்லோரும் ஆண்கள். ஆகவே யாராவது "எங்கள் பாட்டி பெர்த்துக்குக் கைதியாக வந்தாள்" என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். தெற்கு ஆஸ்திரேலியா இங்கிலாந்திலிருந்து நேரடியாகக் கைதிகளை வாங்கவே இல்லை. இன்றைய விக்டோரியாவுக்கு 1844 முதல் 1849 வரை அரை விடுதலையோடு "எக்சைல்" என்ற பெயரில் கொஞ்சம் பேர் வந்தார்கள். பிரிஸ்பேன் பக்கம் என்றால் அது அப்போது மோர்ட்டன் பே, நியூ சவுத் வேல்ஸின் ஒரு பகுதி, அதனால் சிட்னி ஆவணங்களில் தேட வேண்டும்.

கப்பலைப் பிடியுங்கள்

காலனி நிர்வாகத்தில் கைதிக்கு அடையாளம் பெயர் மட்டும் இல்லை, பெயரும் கப்பலும். "ஜான் ஸ்மித் பெர் ஆசியா" என்று எழுதுவார்கள், ஆசியா கப்பலில் வந்த ஜான் ஸ்மித் என்று அர்த்தம். நம் ஊரில் இனிஷியல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். விடுதலை ஆனாலும், கல்யாணத்துக்கு அனுமதி கேட்டாலும், மறுபடி திருடி மாட்டினாலும், இருபது வருடம் கழித்தும் அந்தக் கப்பல் பெயர் கூடவே வரும். அதனால்தான் தலைப்பிலேயே சொன்னேன்.

கப்பலைக் கண்டுபிடிக்க அடிப்படை ஆவணம், லண்டனில் கியூ என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் எச்.ஓ. 11 வரிசை. 1787 முதல் கப்பல் வாரியாகப் பெயர், எந்த நீதிமன்றம், எந்தத் தேதி, எத்தனை வருடம் என்று இருக்கும். என்ன குற்றம் என்பது மட்டும் இருக்காது. அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியக் கூட்டு நகலெடுப்புத் திட்டம் என்று ஒன்று வைத்து இதையெல்லாம் மைக்ரோஃபிலிமில் படம் எடுத்தார்கள். இப்போது அவை ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் இலவசம். குயின்ஸ்லாந்து மாநில நூலகம் இந்தப் பதிவேட்டுக்குப் பெயர்ப் பட்டியல் போட்டிருக்கிறது. அதை வைத்து ஓடும் கன்விக்ட் ரெக்கார்ட்ஸ் தளத்தில் பெயரையும் கப்பலையும் தட்டித் தேடலாம். அங்கே பொதுமக்களும் தங்கள் தகவலைச் சேர்க்கலாம், ஆகவே கீழே யாரோ எழுதிய குடும்பக் கதையைத் துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள், ஆதாரமாக எடுக்காதீர்கள்.

வருடத்தையும் சேர்த்துக் குறியுங்கள். ஒரே கப்பல் பல தடவை வந்திருக்கும். ஆசியா அப்படி வந்த கப்பல்தான், அதனால் ஆசியா 1, ஆசியா 2 என்று பயணத்துக்கு எண் போட்டு வைத்திருப்பார்கள். கப்பல் கார்க் அல்லது டப்ளினிலிருந்து கிளம்பியிருந்தால் அவர் பெரும்பாலும் அயர்லாந்தில் தண்டனை பெற்றவர். இங்கிலாந்து நீதிமன்றப் பதிவுகளில் எத்தனை நாள் தேடினாலும் வர மாட்டார், டப்ளினில் உள்ள அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் நாடு கடத்தல் பட்டியலுக்குப் போங்கள்.

சில கப்பல்கள் பெயரைச் சொன்னாலே கதை சொல்லும். 1831இல் வந்த எலைசா, புரோட்டியஸ், எலினோர் என்றால் தெற்கு இங்கிலாந்தில் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்த விவசாயக் கூலிகளாக இருக்க நல்ல வாய்ப்பு, ஸ்விங் கலவரம் என்று தேடுங்கள். 1868 ஜனவரியில் ஃப்ரிமேன்டிலில் நின்ற ஹூகுமான்ட்தான் கடைசிக் கைதிக் கப்பல்.

பயணத்தைப் பற்றித் தெரிய வேண்டுமானால் கப்பல் மருத்துவரின் நாட்குறிப்பு இருக்கிறதா பாருங்கள், கியூவில் ஏ.டி.எம். 101 என்ற வரிசை. எல்லாக் கப்பலுக்கும் இல்லை. இருந்தால் நோயாளிகள் பட்டியலில் நம் ஆள் பெயர் வயிற்றுப்போக்கோடு கிடைக்கலாம். எங்களுக்குக் கிடைக்கவில்லை, ஆரோக்கியமாக வந்திருக்கிறார் போல.

டாஸ்மேனியா: ஒரே பக்கத்தில் ஒரு வாழ்க்கை

உங்கள் ஆள் டாஸ்மேனியாவுக்குப் போனவர் என்றால் அதிர்ஷ்டசாலி. டாஸ்மேனிய ஆவணக் காப்பகத்தின் பெயர்ப் பட்டியலில் பெயரைப் போட்டால் மூலப் பக்கத்தின் படமே வரும், காசு கிடையாது. எல்லாம் "கான்" என்ற எழுத்துகளோடு ஒரு எண். ஆண்களின் நடத்தைப் பதிவேடு முந்தைய காலத்துக்குக் கான் 31, 1840களுக்குப் பிறகு வந்தவர்களுக்குக் கான் 33. பெண்களுக்கு 40, 41. உடல் அடையாளங்கள் முந்தைய காலத்தில் தனிப் புத்தகத்தில் இருக்கும், கான் 33இல் அதே பக்கத்திலேயே இருக்கும்.

இந்த நடத்தைப் பதிவை முதலில் திறந்தவுடன் தலை சுற்றும். சின்ன எழுத்து, மூலைக்கு மூலை நெருக்கி எழுதியிருப்பார்கள், ஓரத்தில் இடம் போதாமல் குறுக்கே வேறு எழுதியிருப்பார்கள். மேலிருந்து நிதானமாகப் போங்கள். முதலில் பெயர், கப்பல், எங்கே தண்டனை. அப்புறம் இங்கிலாந்துச் சிறை அவரைப் பற்றிச் சொன்னது, ஹல்க் சொன்னது, கப்பல் மருத்துவர் சொன்னது. ஹல்க் என்பது கடலோடத் தகுதியிழந்த பழைய கப்பலைத் துறைமுகத்தில் நிறுத்திச் சிறையாக்கியது, போர்ட்ஸ்மத், வூலிச் பக்கம் நிறைய நின்றன. அதற்கடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த வரி: இந்தக் குற்றத்தைப் பற்றிக் கைதி தானே சொன்னது. இங்கிலாந்திலிருந்து வந்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குமாஸ்தா கேட்பார், இவர் சொல்வார், அவர் எழுதுவார். படிப்பறிவில்லாத ஒரு மனிதனின் சொந்த வாய்வார்த்தை வேறு எங்கே கிடைக்கப்போகிறது?

எங்கள் ஆள் சொன்னது, இரண்டு வாத்து. ஏற்கெனவே ஒரு தடவை உள்ளே போனவர் என்பதால் இரண்டு வாத்துக்குப் பத்து வருடம். ரொட்டித் துண்டு திருடினார் என்று எல்லாக் குடும்பத்திலும் ஒரு கதை சொல்வார்கள், பதிவைப் பார்த்தால் பெரும்பாலும் அது முதல் திருட்டாக இருக்காது.

அதற்குக் கீழே காலனிக்கு வந்த பிறகு செய்த தப்புகள், தேதியோடு: குடித்தது, எதிர்த்துப் பேசியது, சொல்லாமல் வெளியே போனது, அதற்குக் கிடைத்த தனிச்சிறை அல்லது கடுங்காவல் வேலை. எச்.எல். என்று இருந்தால் கடின உழைப்பு. டி.எல். என்றால் டிக்கெட் ஆஃப் லீவ், அதாவது தண்டனை முடியும் முன்பே வெளியில் சொந்தமாக வேலை பார்த்துக்கொள்ள அனுமதி. சி.பி. நிபந்தனை மன்னிப்பு, எஃப்.சி. விடுதலைச் சான்றிதழ். நிபந்தனை மன்னிப்பு வாங்கியவர் இங்கிலாந்துக்குத் திரும்ப முடியாது, முழு மன்னிப்பு வாங்கியவர் திரும்பலாம். ஆயுள் தண்டனைக்காரருக்கு விடுதலைச் சான்றிதழே கிடையாது, மன்னிப்புதான் வழி. ஆகவே ஆயுள் தண்டனை பெற்றவரின் விடுதலைச் சான்றிதழ் கிடைத்தது என்று யாராவது காட்டினால் அது வேறு ஆளுடையது.

பச்சை குத்தியதைக் கவனமாகப் படியுங்கள். நங்கூரம், கடற்கன்னி, சிலுவை எல்லாம் நிறையப் பேரிடம் உண்டு, அதை விடுங்கள். எழுத்துகள் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆளின் இடது கையில் ஒரு இதயம், பக்கத்தில் இ, டபிள்யூ என்று இரண்டு எழுத்து. அவர் பெயருக்கும் அந்த எழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. இதற்குப் பின்னால் வருகிறேன்.

நியூ சவுத் வேல்ஸும் மேற்கும்

சிட்னி பக்கம் ஆவணங்கள் ஒரே பக்கத்தில் கிடைக்காது, பொறுக்கிச் சேர்க்க வேண்டும். மாநில ஆவணக் காப்பகத்தின் கைதிகள் அட்டவணையில் டிக்கெட் ஆஃப் லீவ், விடுதலைச் சான்றிதழ், மன்னிப்பு, கல்யாண அனுமதி விண்ணப்பம் எல்லாம் பெயர் வாரியாக இருக்கின்றன, 1825 வரைக்குமான காலனிச் செயலர் கடிதங்களும் உண்டு. கைதி கல்யாணம் செய்ய ஆளுநரின் அனுமதி வேண்டும், இங்கிலாந்தில் துணை உயிரோடு இருந்தால் மறுத்துவிடுவார்கள். அதனால் கப்பலில் ஏறும்போது கல்யாணமானவர், இறங்கிக் கொஞ்ச நாளில் துணையை இழந்தவர் ஆகிவிடுவது அங்கே சகஜம்.

டிக்கெட் ஆஃப் லீவ் ஏழு வருடத் தண்டனைக்குப் பொதுவாக நான்கு வருடத்தில், பதினான்குக்கு ஆறில், ஆயுளுக்கு எட்டில் கிடைத்தது. எண் 32/ என்று ஆரம்பித்தால் 1832இல் கொடுத்தது. எந்த மாவட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கும். இந்த மாவட்டப் பெயரை விட்டுவிடாதீர்கள், அடுத்து எந்த ஊர்த் தேவாலயத்தில் கல்யாணப் பதிவைத் தேடுவது என்பதை அதுதான் சொல்லும்.

இண்டென்ட் என்பது கப்பல் வந்தவுடன் எடுத்த ஆள் பட்டியல். ஆரம்ப காலத்தில் நாலைந்து தகவலோடு சரி, 1830 வாக்கில் மதம், படிப்பறிவு, பிள்ளைகள் எத்தனை, தொழில், குற்றம், தழும்பு என்று விரிந்துவிடும்.

1828 நவம்பரில் எடுத்த கணக்கெடுப்பைக் கட்டாயம் பாருங்கள். சுதந்திரமாக வந்தவர், கைதி, குழந்தை என்று எல்லோருக்கும் கப்பல், வருடம், யாரிடம் வேலை, எத்தனை மாடு என்று இருக்கும். இங்கே ஒரு பள்ளம். சி.எஃப். என்று பார்த்தவுடன் விடுதலைச் சான்றிதழ் என்று சந்தோஷப்படாதீர்கள், அந்தக் கணக்கெடுப்பில் அதற்கு "சுதந்திரமாக வந்தவர்" என்று பொருள், கைதியே இல்லை. தண்டனை முடித்தவர் எஃப்.எஸ்., காலனியில் பிறந்தவர் பி.சி., தண்டனை அனுபவிப்பவர் ஜி.எஸ்.

மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு ஃப்ரிமேன்டில் சிறையின் கைதிகள் தரவுத்தளம் இருக்கிறது, அங்கிருந்து மாநில ஆவண அலுவலகத்துக்குப் போகலாம். கைதிக்கு எண் கொடுத்திருப்பதால் குழப்பம் குறைவு.

எந்தக் காலனியானாலும் ட்ரோவில் பழைய செய்தித்தாள்களைத் தேடுங்கள். சிட்னி கெஜட் 1803 முதல் இருக்கிறது. ஓடிப்போன கைதிகள் பட்டியல் போடுவார்கள், உயரம், கண் நிறம், என்ன சட்டை போட்டிருந்தார் என்பது வரை.

இங்கிலாந்துக்குத் திரும்பி

தண்டித்த நீதிமன்றமும் தேதியும் இப்போது கையில் இருக்கும். லண்டன் ஓல்டு பெய்லி என்றால் வேலை சுலபம், 1674 முதல் 1913 வரையிலான விசாரணைகள் அச்சிட்ட வடிவில் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. சாட்சி சொன்னது, எதிரி கேட்டது எல்லாம் வரும். லண்டன் கைதிகளுக்கு டிஜிட்டல் பனாப்டிகான் என்ற தளமும் உண்டு, பல ஆவணங்களை ஒரே ஆளின் பெயரில் இணைத்துக் காட்டும்.

ஓல்டு பெய்லியில் திருட்டுப் பொருளின் மதிப்பைக் கவனியுங்கள். வீட்டுக்குள் நாற்பது ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினால் அந்தக் காலத்தில் தூக்கு. அதனால் இரக்கப்பட்ட ஜூரிகள், அதைவிட மதிப்புள்ள பொருளாக இருந்தாலும், "முப்பத்தொன்பது ஷில்லிங் மதிப்புக்குத் திருடியது நிரூபணம்" என்று தீர்ப்புச் சொல்லி உயிரைக் காப்பாற்றுவார்கள். 39 என்ற எண்ணைப் பார்த்தால் அந்த ஒரு ஷில்லிங்கால் உங்கள் பரம்பரை பிழைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சங்கிலி எப்படிச் சேர்கிறது என்று பார்க்க மேரி வேடின் கதையைத் தேடிப் படியுங்கள். லண்டனில் தெரு பெருக்கிப் பிச்சை எடுத்த சிறுமி, 11 வயது. இன்னொரு பெண்ணோடு சேர்ந்து எட்டு வயதுக் குழந்தை ஒன்றின் கவுனையும் தொப்பியையும் கழற்றிக்கொண்டு போனாள். 1789 ஜனவரியில் ஓல்டு பெய்லியில் மரண தண்டனை. மார்ச் மாதம் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் உடம்பு தேறிய சந்தோஷத்தில் தூக்கு நீங்கி நாடு கடத்தலானது. லேடி ஜூலியானா என்ற பெண் கைதிகள் கப்பலில் 1790 ஜூனில் சிட்னி, அங்கிருந்து நார்ஃபோக் தீவு. 1859இல் வலங்காங் பக்கம் இறந்தபோது பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் என்று முந்நூறுக்கு மேல். பிரதமராக இருந்த கெவின் ரட் அந்த வம்சம். விசாரணை, கப்பல், தீவு, தேவாலயம், இறப்பு என்று ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு காகிதம் இருப்பதைக் கவனியுங்கள், நாம் செய்ய வேண்டியதும் அதேதான்.

லண்டனுக்கு வெளியே என்றால் அவ்வளவு சொகுசு கிடையாது. பெரிய வழக்குகள் அசைசஸ் நீதிமன்றம், அவற்றின் காகிதங்கள் கியூவில். சின்னத் திருட்டுகள் குவார்ட்டர் செஷன்ஸ், அவை அந்தந்தக் கவுன்ட்டியின் ஆவணக் காப்பகத்தில். குற்றவியல் பதிவேடு எச்.ஓ. 27 இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் 1805 முதல் இருக்கிறது, லண்டனை உள்ளடக்கிய மிடில்செக்ஸுக்கு மட்டும் எச்.ஓ. 26, 1791 முதல். சாட்சியம் பெரும்பாலும் மிஞ்சாது, உள்ளூர்ச் செய்தித்தாளில் நாலு வரி கிடைத்தால் பெரிய விஷயம். கருணை மனு ஒன்று தேடிப் பாருங்கள், 1819 முதல் 1839 வரை எச்.ஓ. 17, அதற்கப்புறம் எச்.ஓ. 18. பாதிரியார், முதலாளி, அண்டை வீட்டார் எல்லோரும் கையெழுத்துப் போட்டு "இவன் நல்லவன்" என்று எழுதியிருப்பார்கள், மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருப்பதாகவும் இருக்கும்.

நான் விழுந்த குழிகள்

எங்கள் ஆளின் பெயரில் டாஸ்மேனியாவில் இரண்டு பேர். ஒருவர் 1833இல் வந்தவர், ஆடு திருடியவர், இரண்டு தடவை தப்பி ஓடியவர், சினிமா மாதிரி இருந்தது. மூன்று வாரம் அவர் பின்னாலேயே போனேன், பாட்டியிடம் சொல்லியும்விட்டேன். கடைசியில் அவர் பதிவின் ஓரத்தில் குறுக்கே எழுதியிருந்ததைப் பெரிதாக்கிப் படித்தால், 1839இல் போர்ட் ஆர்தரில் இறந்துவிட்டார். 1839இல் செத்தவர் 1858இல் எப்படிப் பிள்ளை பெற்றிருப்பார்? சான்றிதழில் 1842 என்று கணக்கு வந்ததே, அதை நம்பாமல் சுவாரசியத்தை நம்பினேன். ஆகவே ஒருவரைப் பிடித்தவுடன் முதல் வேலை, அவரை விலக்க முடியுமா என்று பார்ப்பது: அந்தத் தேதிக்கு முன்பே செத்தாரா, அந்த வருடம் வேறு ஊரில் சிறையில் இருந்தாரா, அதே பெயரில் அதே கவுன்ட்டிக்காரர் இன்னொருவர் உண்டா?

நாடு கடத்தல் தண்டனை கிடைத்ததாலேயே ஆஸ்திரேலியாவுக்கு வந்தார் என்று அர்த்தம் இல்லை. ஹல்க்கிலேயே தண்டனை முடித்தவர்கள், செத்தவர்கள், மன்னிப்புக் கிடைத்தவர்கள் ஏராளம். பெர்முடாவுக்கும் ஜிப்ரால்டருக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டவர்களும் உண்டு. கப்பல் பட்டியலில் பெயரைப் பார்க்கும் வரை நம்ப வேண்டாம்.

பழைய கையெழுத்தில் பெயர்ச் சுருக்கங்கள் வரும். ஜே, என், ஓ என்று மூன்றெழுத்து இருந்தால் ஜொனாதன் இல்லை, ஜான். ஜே, ஏ, எஸ் என்றால் ஜேம்ஸ். இரட்டை எஸ் வரும் இடத்தில் முதல் எஸ்ஸை நீட்டி எஃப் மாதிரி போடுவார்கள். குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேடுங்கள், குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார், நம் ஆளுக்கு அதைப் படித்துத் திருத்தத் தெரியாது.

பணம் கட்டித் தேடும் தளங்களில் பல ஆவணங்கள் எளிதாகக் கிடைக்கும், சந்தா எடுக்கும் முன் உங்கள் ஊர் நூலகத்தில் கேளுங்கள், ஆஸ்திரேலிய நூலகங்கள் பலவற்றில் அங்கே உட்கார்ந்து இலவசமாகப் பார்க்க விடுவார்கள். அதே தளங்களில் பிறர் போட்டு வைத்திருக்கும் குடும்ப மரத்தை அப்படியே நகலெடுக்காதீர்கள். என்னுடைய ஆடு திருடியவரை எங்கள் குடும்பத்தில் சேர்த்து ஐந்து பேர் மரம் போட்டிருந்தார்கள், ஐந்தும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது.

டி.என்.ஏ. சோதனை கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு தலைமுறைக்கு அப்பால் மிஞ்சும் பங்கு மிகக் குறைவு, காகிதத்தில் கண்டதை உறுதிப்படுத்த உதவலாம், காகிதம் இல்லாமல் பெயர் சொல்லாது.

அந்த இரண்டு எழுத்து

1842 ஆளின் பதிவில் பிறந்த கிராமத்தின் பெயர் இருந்தது, குளோஸ்டர்ஷயரில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர்த் தேவாலயப் பதிவேட்டில் 1838இல் அவருக்கு ஒரு கல்யாணம். பெண்ணின் பெயர் எலிசபெத், குடும்பப் பெயர் டபிள்யூவில் ஆரம்பிக்கிறது. அதே மனிதர் 1854இல் மெல்போர்னில் கல்யாணம் செய்தபோது "பிரம்மச்சாரி" என்று கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார், இடது கையில் அந்த இதயத்தோடு.

பாட்டியிடம் இதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். கேட்டுவிட்டு, "அப்போ அந்த முதல் பொண்ணு என்ன ஆனாள்?" என்றார். நான் அதைத் தேடவே இல்லை, நம் வம்சம் இல்லையே என்று விட்டிருந்தேன். இங்கிலாந்தில் 1841 முதல் பத்து வருடத்துக்கு ஒரு முறை பெயர் வாரியான கணக்கெடுப்பு இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் அந்த வசதி இல்லை. 1851 கணக்கெடுப்பில் அதே கிராமத்தில் எலிசபெத் இருக்கிறாள், ஒரு பையனோடு, வயது ஒன்பது. தொழில் துணி வெளுப்பவள். கல்யாண நிலை என்ற கட்டத்தில் விதவை. கணவர் அப்போது ஹோபார்ட்டில் விடுதலைச் சான்றிதழுக்குக் காத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பையனின் ஞானஸ்நானப் பதிவைக் கவுன்ட்டி ஆவணக் காப்பகத்தில் கேட்டு எழுதியிருக்கிறேன்.